பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர் என்ன நினைக்கிறார்?

மேலே படிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போமா? வகுப்புத் தோழர் ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றை மனத்துக்குள் நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாடக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. பாட்டின் அசைகள் விழும் இடங்களை மட்டும் பெஞ்சின்மேல் விரலால் தட்டிக் காட்டுங்கள். அது என்ன பாட்டு என்று தோழர் சொல்ல வேண்டும். தட்டத் தொடங்கும் முன், பத்துப் பாட்டுத் தட்டினால் எத்தனையை அவர் கண்டுபிடிப்பார் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள்.

ஐந்தையாவது கண்டுபிடிப்பார் என்று நீங்கள் எழுதியிருந்தால் வியப்பில்லை. 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி இதே சோதனையைச் செய்தார். தட்டியவர்கள், கேட்பவர்கள் பாதிப் பாட்டுகளைச் சொல்லிவிடுவார்கள் என்று மதிப்பிட்டார்கள். மொத்தம் 120 பாட்டுகள் தட்டப்பட்டன. சரியாகச் சொல்லப்பட்டவை எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று!

ஏன் இப்படி? தட்டுகிறவரின் தலைக்குள் நாகசுரமும் தவிலும் சேர்ந்து முழங்குகின்றன. எதிரே இருப்பவருக்குக் கேட்பதோ டொக், டொக் என்ற ஓசை மட்டும். இது தட்டுகிறவருக்குப் புரிவதே இல்லை. “இதுகூடவா தெரியவில்லை?” என்று எரிச்சல்படுகிறார். தனக்குத் தெரிந்த ஒன்று பிறருக்குத் தெரியாமல் இருக்கும் என்பதை மனித மனம் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. வகுப்பறையில் மூளும் பல மனத்தாங்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரை எடுத்துக்கொள்வோம். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின்மேல் முருகன் கோயில். சற்றுத் தள்ளிச் செம்பரம்பாக்கம் ஏரி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அவற்றைச் சுற்றி உதிரிப் பாகம் செய்யும் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் பெருகின. வேலை இருக்கும் இடத்துக்கு ஆட்கள் வருவது இயற்கை. ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும், தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். சிலர் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிகளில் சேர்ந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒரு பள்ளியில், ஆண்டின் நடுவில், உங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வீட்டு மொழி ஒடியா. பேசினால் பதில் இல்லை. ஒரு புன்சிரிப்போடு சரி. இரண்டு நாளில் “மந்தம்” என்று ஒருவர் சொல்வார். “திமிர்” என்று இன்னொருவர் சொல்வார். அவருடைய தலைக்குள்ளும் முழுப் பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. பழைய பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்தது, ஊர்க் குளத்தில் நீந்தியது, அங்கேயே விட்டுவந்த பாட்டி, எல்லாம் அதில் உண்டு. நம் காதில் விழுவது டொக், டொக். (மொழி ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் வகுப்புகளும் உண்டே!)

“எல்லோரும் நட்பாக இருங்கள்” என்று ஆசிரியர் சொல்வார். நாமும் தலையாட்டுவோம். இடைவேளை மணி அடித்ததும் பழைய கூட்டம் பழையபடி ஒன்றுசேரும். புதியவர் தண்ணீர்க் குழாயருகே தனியே நிற்பார். இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணம் இல்லை. பிறர் நிலையில் நின்று பார்த்து உணரும் திறனை ஒத்துணர்வு என்கிறோம். அது மிதிவண்டி ஓட்டுவதைப் போன்றது. சொல்லிக் கொடுத்தால் வராது. ஓட்டிப் பார்த்தால்தான் வரும். அப்படி ஓட்டிப் பார்க்க வகுப்பறையில் வழி உண்டா? உண்டு என்று காட்டிய சோதனைகளைப் பார்ப்போம்.

பிஸ்கட் டப்பாவில் ஊசி

முதலில் இந்தத் திறன் எப்போது முளைக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே கண்டறியலாம். பிஸ்கட் டப்பா காலியானதும் அம்மா அதில் ஊசியும் நூல்கண்டும் போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம்தானே? ஊசியை எடுத்து வைத்துவிட்டு, நூல்கண்டை மட்டும் உள்ளே விட்டு மூடுங்கள். மூன்று வயதுத் தம்பியிடமோ தங்கையிடமோ காட்டி, “இதற்குள் என்ன?” என்று கேளுங்கள். “பிஸ்கட்!” என்று பதில் வரும். திறந்து காட்டுங்கள். மறுபடி மூடிவிட்டு, “இப்போது மாமா வருகிறார். அவர் இந்த டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் நினைப்பார்?” என்று கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் “நூல்” என்றே சொல்லும். தனக்குத் தெரிந்தது மாமாவுக்கும் தெரியும் என்று அது எண்ணுகிறது. ஐந்து வயதுக் குழந்தையோ “பிஸ்கட் என்று நினைப்பார்” என்று சொல்லி, மாமா ஏமாறப் போவதை நினைத்துச் சிரிக்கவும் செய்யும்.

இவ்வகைச் சோதனையை 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலறிஞர்கள் முதலில் வெளியிட்டார்கள். பிறகு பல நாடுகளில், பல வடிவங்களில் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கு வயதில் இந்த வாசல் திறக்கிறது. ஆனால் திறந்த வாசலில் நாம் எப்போதும் நுழைகிறோமா? பாட்டுத் தட்டிய பெரியவர்களைத்தான் பார்த்தோமே.

இதோ, பத்து வயதினருக்கான ஒரு படக்கதை. ஒரு சிறுவன் விமான நிலையத்தில் தன் அப்பாவை வழியனுப்புகிறான். முகம் வாடியிருக்கிறது. பிறகு ஒருநாள் தபால்காரர் அவனுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கிறார். பிரித்தால் உள்ளே ஒரு பொம்மை விமானம். சிறுவன் விம்மி விம்மி அழுகிறான். அவன் ஏன் அழுதான்? இது எளிய கேள்வி. அடுத்த கேள்விதான் முக்கியம்: அவன் அழுவதைக் கண்ட தபால்காரர் என்ன நினைத்திருப்பார்? விடையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆஸ்டின் நகரில் 1971

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகர் ஆஸ்டின். அங்கே வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிவந்தவர் ஆகியோரின் பிள்ளைகள் நெடுங்காலம் தனித்தனிப் பள்ளிகளில் படித்துவந்தார்கள். 1971-ல் எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். சில வாரங்களுக்குள் அடிதடி மூண்டது. பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த எலியட் அரான்சனைக் கல்வி அதிகாரிகள் உதவிக்கு அழைத்தார்கள்.

அரான்சனும் அவருடைய மாணவர்களும் முதலில் அறிவுரை எதுவும் கூறவில்லை. வகுப்பின் பின்னால் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். ஏழெட்டுக் கைகள் உயர்கின்றன. ஒருவரை அழைக்கிறார். மற்றவர்கள் முகத்தில் ஏமாற்றம். அழைக்கப்பட்டவர் தவறாகச் சொன்னால் அவர்களுக்குள் ஒரு மகிழ்ச்சி! விடை தெரியாதவர்கள் ஆசிரியரின் கண்ணில் படாமல் குனிந்துகொள்கிறார்கள். இந்தக் காட்சி நமக்குப் புதிதில்லை. ஒருவர் தோற்றால்தான் இன்னொருவர் வெல்லலாம் என்று வேலை அமைந்திருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரை நேசி என்று சொல்லி என்ன பயன்? அரான்சன் அந்த அமைப்பையே மாற்றினார்.

படத்துண்டுகளைச் சேர்த்து முழுப் படமாக்கும் ஜிக்சா புதிரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு துண்டு குறைந்தாலும் படம் நிறைவு பெறாது. அரான்சன் வகுப்பை ஆறு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்தார். படிக்க வேண்டிய பாடத்தை ஆறு துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தன் துண்டைத் தவிர மற்ற ஐந்தும் யாருக்கும் கிடைக்காது. மற்றவர் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாடம் முழுவதிலிருந்தும் தேர்வு உண்டு.

இந்த வகுப்பில் இருந்த ஒரு சிறுவனைப் பற்றி அரான்சன் எழுதியிருக்கிறார். கார்லோஸ் என்று அவனுக்குப் புனைபெயர் இட்டிருக்கிறார். வீட்டு மொழி ஸ்பானியம். ஆங்கிலம் தடுமாறும், அதனால் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அவன் முறை வந்தபோது திக்கினான். குழுவினர் கேலி செய்தார்கள். மேற்பார்வையாளர் அவர்களைத் திட்டவில்லை. கேலி செய்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அவனிடம் இருக்கும் பகுதியைத் தெரிந்துகொள்ள அது உதவாது, தேர்வு நெருங்குகிறது என்று மட்டும் நினைவூட்டினார். சில நாட்களில் மாற்றம் தெரிந்தது. அவனிடமிருந்து விவரத்தை வரவழைக்க எப்படிக் கேட்க வேண்டும் என்று தோழர்கள் கற்றுக்கொண்டார்கள். பொறுமையாகக் கேட்டதும் அவனும் பேசலானான். அவன் அறிவுள்ளவன் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவன் அன்றைக்கா அறிவாளி ஆனான்?

நாளில் ஒரு சிறு பகுதியை மட்டும் இப்படிப் படித்த வகுப்புகளை வழக்கமான வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் குழுத் தோழர்களிடம் விருப்பம் கூடியிருந்தது. தம்மைப் பற்றிய மதிப்பும் உயர்ந்திருந்தது. மற்றோர் ஆய்வில், சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை.

இப்போது தபால்காரருக்கு வருவோம். 1981-ல் டயான் பிரிட்ஜ்மன் என்ற ஆய்வாளர் இதைப் போன்ற படக்கதைகளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினார். சிறுவன் ஏன் அழுதான் என்பதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்; பொம்மை விமானம் அப்பாவை நினைவூட்டிவிட்டது. வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் பலர், தபால்காரருக்கும் அது தெரிந்திருக்கும் என்று எண்ணினார்கள். எட்டு வாரம் ஜிக்சா முறையில் படித்தவர்களோ, “நல்ல பரிசு வந்திருக்கிறது, இவன் ஏன் அழுகிறான் என்று அவர் குழம்பியிருப்பார்” என்று கூடுதலாகச் சொன்னார்கள். விமான நிலையத்தில் நடந்தது தபால்காரருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எந்தப் பக்கம்?

செம்பரம்பாக்கத்தை ஆறு துண்டாக்குவோம்

இதை உங்கள் வகுப்பிலும் செய்யலாம். ஆசிரியரின் ஒப்புதலும் ஒரு பாடவேளையும் போதும். குன்றத்தூர் மாணவர்களுக்குப் பக்கத்து ஏரியே பாடம். முதல் துண்டில் ஏரியின் அளவு: முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. இரண்டாவதில் நீர் வரும் வழி: மழையோடு, பூண்டியிலிருந்து கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீர். மூன்றாவதில் உபரி நீர் அடையாற்றில் சேரும் பாதை. நான்காவதில் 2015 டிசம்பர் வெள்ளம். அப்போது வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. ஐந்தாவதில் ஏரி நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக அனுப்பும் முறை. ஆறாவதில் ஏரியைச் சுற்றியுள்ள வயல்களும் ஆலைகளும்.

வகுப்பில் 36 பேர் என்றால் ஆறு குழு. நண்பர்கள் ஒரே குழுவில் சேராதபடி சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். துண்டைப் படித்தவுடன் குழுவிடம் சொல்லத் தொடங்கக் கூடாது. எல்லாக் குழுவிலும் ஒன்றாம் துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றுகூடி, புரியாததைத் தமக்குள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாம் துண்டுக்காரர்களும் அப்படியே. மெதுவாகப் படிப்பவர்களைக் காப்பாற்றும் கட்டம் இது. அவசரப்பட்டு இதை விட்டுவிட்டால் அன்றைய முயற்சியே கெட்டுவிடும்.

தமிழ் இன்னும் பழகாத அந்தப் புதியவருக்கு எதைக் கொடுப்பது? வரைபடமும் எண்களும் நிறைந்த துண்டைக் கொடுங்கள். ஏரியின் குறுக்குவெட்டை அவர் வரைந்து காட்டட்டும். எண்களைத் தம் மொழியில் சொல்லட்டும். ஒடியாவில் ஏக, துயி, தினி என்று எண்ணுவார்கள். இருபத்து நான்குக்கு என்ன சொல் என்று அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்! அன்று அவர் கற்பிப்பவர், நாம் கற்பவர். இரக்கப்பட்டு அவருக்கு வேலையே கொடுக்காமல் விடுவதுதான் பெரிய தீங்கு. அவர் இல்லாமலும் படம் நிறைவு பெறும் என்று அதற்குப் பொருளாகிவிடும்.

சேர்ந்து சுற்றுலா போனால், சேர்ந்து சாப்பிட்டால் போதாதா என்று உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். 1954-ல் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் நடத்திய கோடை முகாமில் 22 சிறுவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து கடும் பகை கொண்டார்கள். ஒன்றாகச் சாப்பாடு போட்டபோது உணவையே ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். குடிநீர் நின்று, எல்லோரும் சேர்ந்து தொட்டியையும் குழாயையும் தேடிச் சரிசெய்ய வேண்டி வந்தபோதும், நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தபோதும்தான் பகை தணியத் தொடங்கியது. (சிறுவர்களுக்குத் தெரியாமல் அவர்களிடையே சண்டை மூட்டிய அந்த ஆய்வை இன்று நடத்தவே விடமாட்டார்கள். நடத்தவும் கூடாது.)

மூன்று சதுரம்

அலெக்ஸ் பவெலாஸ் என்ற உளவியலறிஞர் ஐந்து சதுரங்களை வைத்து ஒரு விளையாட்டு அமைத்தார். நமக்கு மூன்று போதும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 12 செ.மீ. பக்கமுள்ள மூன்று சதுரங்கள் வெட்டுங்கள். முதல் சதுரத்தை நடுவில் வெட்டி, ஒரு பாதியை அப்படியே வைத்து, மறு பாதியை 6 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சிறு சதுரங்களாக்குங்கள். மற்ற இரண்டு சதுரங்களிலும் ஒரு மூலையில் 6 செ.மீ. சிறு சதுரம் ஒன்றை வெட்டி எடுங்கள். எஞ்சுவது ‘ட’ எழுத்தைப் போல் இருக்கும். ஆக, நான்கு சிறு சதுரம், ஒரு நீள்சதுரம், இரண்டு ‘ட’: மொத்தம் ஏழு துண்டு.

மூவர் உட்காருங்கள். ஒருவருக்கு மூன்று சிறு சதுரம். அடுத்தவருக்கு ஒரு சிறு சதுரமும் நீள்சதுரமும். மூன்றாமவருக்கு இரண்டு ‘ட’. மூவர் முன்னாலும் 12 செ.மீ. சதுரம் ஒன்று வர வேண்டும். பேசக் கூடாது, சைகை கூடாது. பிறரிடமிருந்து எடுக்கக் கூடாது, கேட்கவும் கூடாது. கொடுக்க மட்டும் செய்யலாம்.

முதலாமவர் கைக்கு நான்காவது சிறு சதுரம் வந்துவிட்டால் நடப்பதைக் கவனியுங்கள். நான்கையும் சேர்த்து அழகான பெரிய சதுரம் செய்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார். அவர் வேலை முடிந்தது! மற்ற இருவரிடமும் இருப்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. முடித்து வைத்த தன் சதுரத்தை அவரே கலைத்தால்தான் வழி பிறக்கும். அவருக்கு அது தோன்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் மூவரும் அந்த நேரத்தில் என்ன நினைத்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். விளையாட்டின் பாதிச் சுவை அதில்தான்.

ஊகிப்பதா, கேட்பதா?

“அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் அது எவ்வளவு தூரம் சரியான விடையைத் தருகிறது? ஏயல், ஸ்டெஃபல், எப்லி என்ற மூவர் 25 சோதனைகள் நடத்தி 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பிறர் இடத்தில் தம்மை வைத்துக் கற்பனை செய்தவர்கள், அவருடைய எண்ணத்தையும் விருப்பத்தையும் கூடுதல் சரியாகச் சொல்லிவிடவில்லை. அவரிடமே கேட்டவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள்.

இதையும் சோதிக்கலாம். இருவர் இருவராகச் சேர்ந்து, பிடித்த உணவு, பயப்படும் பொருள், பள்ளியில் பிடிக்காத நேரம் என்று பத்துக் கேள்விகள் எழுதுங்கள். தோழரின் விடையை முதலில் ஊகித்து எழுதுங்கள். பிறகு கேட்டுச் சரிபாருங்கள். நெடுநாள் நண்பர்களே பாதியில் சறுக்குவதைக் காண்பீர்கள். சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிட ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. வீட்டு வருமானம், சாதி போன்றவற்றைத் தொடவே வேண்டாம்.

இந்த முறைகள் எல்லா இடத்திலும் பலிக்குமா? 2022-ல் பிரான்சில் ஆறாம் வகுப்பு வயதினரிடம் நடந்த ஐந்து சோதனைகளில், பாடம் கற்பதில் ஜிக்சா முறையால் கூடுதல் பயன் தெரியவில்லை. ஆகவே, நூலில் இருக்கிறது என்று நம்பிவிடாமல் உங்கள் வகுப்பிலேயே அளந்து பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு வாரம், மதிய உணவு வேளையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு படம் வரையுங்கள். பெயர் வேண்டாம், புள்ளிகள் போதும். சேர்ந்து சாப்பிடுவோரைக் கோட்டால் இணையுங்கள். கோடு எதுவும் தொடாத புள்ளிகள் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு வாரம் மூன்று நாள் வீதம் ஆறு வாரம் ஜிக்சா முறையில் படியுங்கள். பக்கத்துப் பிரிவு வழக்கம்போல் படிக்கட்டும். அங்கேயும் இதே படத்தை வரைந்து வையுங்கள். ஏழாவது வாரம் இரண்டு பிரிவுகளிலும் மறுபடி வரைந்து, தனிப் புள்ளிகளை எண்ணுங்கள். மாற்றம் இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். படங்களை வகுப்புச் சுவரில் மட்டும் ஒட்டாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும், தனிப் புள்ளி எது என்று அந்தப் புள்ளிக்குரியவருக்குத் தெரியும்.